கிண்ணம் காலியாகிறது, ஹாம்ஸ்டர் மெலிகிறது: எங்கே பார்ப்பது, என்ன கொடுப்பது?

கேள்வி இதுதான். வீட்டில் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர், ஆண், வயது ஒன்றே முக்கால் இருக்கும், பெயர் போண்டா. ஒரு மாதமாக மெலிந்துகொண்டே வருகிறது. தூக்கினால் முதுகெலும்பு விரலில் தட்டுகிறது. இரவு கிண்ணத்தில் போடும் தீனி காலையில் காலி. கூண்டு ஏசி இல்லாத ஹாலில், சன்னல் ஓரம் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் பலன் இல்லை. எடை ஏற என்ன கொடுக்கலாம்?

எடை ஏற்றும் தீனிகள் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் தீனியை மாற்றிக்கொண்டே போவதில் நாள்தான் போகும். பல்லில் கோளாறு என்றால் எவ்வளவு சத்தான விதையைப் போட்டாலும் அது மெல்லப்போவதில்லை. சர்க்கரை நோய் என்றால் நீங்கள் பாசத்தோடு கொடுக்கும் வாழைப்பழமே கேடு. மெலிகிற ஹாம்ஸ்டரில் மூன்று ரகம் உண்டு: சாப்பிட ஆசை இருந்தும் முடியாதது, சாப்பிடவே மனசில்லாதது, வயிறு நிறையத் தின்றும் உடம்பில் ஒட்டாதது. போண்டா இதில் எந்த ரகம் என்று இரண்டு நாள் கவனித்தால் வீட்டிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

கவனித்துக்கொண்டு உட்கார முடியாத நிலைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாலைச் சுற்றி ஈரமாகி நாற்றத்தோடு பேதி, தொட்டால் உடம்பு சில்லென்று இருப்பது, எழுப்பினாலும் எழாமல் சுருண்டு கிடப்பது, ஒரு முழு நாளாக எதையும் தொடாமல் இருப்பது, மூச்சுக்குத் திணறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வெட் டெயில் (ஈர வால்) என்று எல்லோரும் பயப்படும் நோய் லாசோனியா என்ற பாக்டீரியாவால் வருவது. பெரும்பாலும் தாயை விட்டுப் பிரித்து, கடைக்கும் வீட்டுக்கும் அலைக்கழித்த சின்னக் குட்டிகளைப் பிடிக்கும். ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். போண்டாவின் வயதில் அது அபூர்வம். ஆனால் எந்த வயதிலும் பேதி என்றால் இவ்வளவு சின்ன உடம்பில் தண்ணீர் வற்ற அதிக நேரம் ஆகாது.

சரி, போண்டாவுக்கு வருவோம். கிண்ணம் காலியாகிறது என்பதை வைத்து அது சாப்பிடுகிறது என்று முடிவு செய்ய வேண்டாம். ஹாம்ஸ்டர் கிண்ணத்தில் இருப்பதைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய்த் தூங்கும் இடத்தில் பதுக்கும். அந்தப் பை தோள் வரைக்கும் நீளும். பசியே இல்லாத, உடம்பு சரியில்லாத ஹாம்ஸ்டர்கூட இந்த வேலையை விடாமல் செய்யும். மாலையில் அது எழுந்து வெளியே வந்ததும் அதன் குட்டி வீட்டைத் தூக்கிப் பாருங்கள். மரத்தூளைக் கிளறினால் ஒரு மூலையில் குவியல் இருக்கும். அங்கே ஒரு வாரத் தீனி அப்படியே கிடந்தால், போண்டா சேமிக்கிறது, தின்னவில்லை என்று அர்த்தம்.

குவியலைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இன்னும் தெரியும். சூரியகாந்தி விதையின் தோல் சுத்தமாகப் பிளந்து, உள்ளே பருப்பு இல்லாமல் கிடந்தால் நல்லது, அது உரித்துத் தின்கிறது. விதை முழுசாக, எச்சில் பட்டு, ஓரத்தில் மட்டும் பல் தடம் தெரியக் கிடந்தால் முயற்சி செய்து முடியாமல் விட்டிருக்கிறது. குவியலை முழுக்க வழித்து எடுத்துவிடாதீர்கள். அதற்கு அது பெரிய பதற்றம். அழுகக்கூடிய காய்கறித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, மீதியில் ஒரு பிடி விட்டுவையுங்கள். அப்புறம் தீனியை நிறுத்துப் போடுங்கள். ஒரு சிரியனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 12 கிராம் உலர் தீனி போதும். மறுநாள் கிண்ணத்திலும் குவியலிலும் மிஞ்சியதைச் சேர்த்து நிறுத்தால் உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது கையில் கிடைத்துவிடும்.

போண்டாவையும் நிறுங்கள். மளிகைக் கடைத் தராசு வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். குள்ள வகை வளர்ப்பவர்களுக்கு 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு இன்னும் நல்லது. ஆழமான கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் செய்து, அதில் ஒரு விதையைப் போட்டு ஹாம்ஸ்டரை இறக்கினால் ஒரு நிமிடம் நிற்கும். தினமும் மாலை அது எழுந்த பிறகு, தீனி வைப்பதற்கு முன் நிறுக்க வேண்டும். கன்னம் உப்பியிருந்தால் அந்த எடையைக் கணக்கில் எடுக்காதீர்கள். பையில் ஒளிந்திருக்கும் நாலைந்து கிராம் உங்களை ஏமாற்றிவிடும். வளர்ந்த சிரியன் பொதுவாக 100 முதல் 150 கிராம் வரை இருக்கும், பெண் கொஞ்சம் பெரிது. குள்ள வகைகள் 30 முதல் 50 கிராம், அவற்றில் மிகச் சிறிய ரோபோரோவ்ஸ்கி 20 முதல் 25 கிராம். இந்த எண்களைவிட அதனதன் பழைய எடைதான் முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். 130 கிராம் இருந்தது 117 ஆனதும் விழித்துக்கொள்ள வேண்டும், எலும்பு தெரியும் வரை காத்திருக்கக் கூடாது.

தராசும் ஒரு இடத்தில் ஏமாற்றும். வயிற்றில் நீர் கோத்தாலோ கட்டி வளர்ந்தாலோ எடை குறையாது, ஏறக்கூட ஏறும்; முதுகிலும் தொடையிலும் சதை மட்டும் கரைந்துகொண்டிருக்கும். அதனால் வாரம் ஒரு தடவை விரலால் முதுகையும் இடுப்பெலும்பையும் தடவிப் பாருங்கள். மெலிந்த ஆணுக்கு இடுப்பின் இரு பக்கமும் கருத்த புள்ளி ஒன்று துருத்தித் தெரியும். அது புண் இல்லை, வாசனைச் சுரப்பி. மருந்து தடவ வேண்டாம்.

அடுத்தது தண்ணீர் பாட்டில். நிறையப் பேர் பார்க்காமல் விடுவது இதைத்தான். குழாய் நுனியில் உள்ள உருண்டை சிக்கிக்கொண்டால் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், ஒரு சொட்டும் வராது. தண்ணீர் இல்லாமல் உலர் தீனி இறங்காது. இரண்டு மூன்று நாளிலேயே எடை சரியும். விரல் நுனியால் உருண்டையைத் தள்ளிப் பாருங்கள், ஈரம் பட வேண்டும். பாட்டிலில் ஒரு டேப் ஒட்டி அளவைக் குறித்துவையுங்கள். 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 மில்லி குடிக்கும். வெயில் நாளில் கூடும், வெள்ளரி அதிகம் கொடுத்தால் குறையும். வைட்டமின் சொட்டைத் தண்ணீரில் கலப்பதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சுவை மாறினால் குடிப்பது குறையும், பாட்டிலில் வழவழப்பும் சேரும். ஹாம்ஸ்டருக்கு கினி பிக் மாதிரி வைட்டமின் சி வெளியிலிருந்து தேவையும் இல்லை.

குவியலில் முழு விதைகள் கிடந்தன என்றால் பல்லைப் பார்க்க வேண்டும். மெலியும் ஹாம்ஸ்டரில் நான் முதலில் சந்தேகப்படுவது பல்லைத்தான். மொத்தம் 16 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு. இந்த நான்கும் சாகும் வரை வளரும். ஒன்றோடொன்று உரசித்தான் தேய வேண்டும். கடைவாய்ப் பற்கள் 12, அவை வளர்வதில்லை. முன்பல் ஒன்று உடைந்தாலோ கோணிக்கொண்டாலோ எதிர்ப்பல்லுக்கு உரச ஆள் இல்லாமல் போகும். அது வளைந்து வளர்ந்து கன்னத்திலோ அண்ணத்திலோ குத்தும். அப்புறம் பசியோடு கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வரும், விதையைக் கையில் எடுக்கும், வாயில் வைக்கும், கீழே போடும். கெட்டியானதை விட்டுவிட்டு மெத்தென்றதை மட்டும் தேடும். தாடை முடி எச்சிலில் நனைந்து ஒட்டியிருக்கும். சில சமயம் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியும். மேல்பல்லின் வேர் கண்ணுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

பார்ப்பது எப்படி? பிடித்து வாயைத் திறக்கப் போனால் கடிதான் கிடைக்கும். ஒரு பூசணி விதையைக் கூண்டின் மேலிருந்து நீட்டுங்கள். அது பின்னங்காலில் நின்று மூக்கை உயர்த்தி வாங்க வரும்போது ஃபோனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். கீழ்ப்பற்கள் மேல்பற்களைவிட நன்றாகவே நீளமாக இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். நிறம் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருப்பதும் இயல்புதான். கறை என்று தேய்க்காதீர்கள். ஒரு பல் மட்டும் குட்டையாகவோ பக்கவாட்டில் சாய்ந்தோ மேல்நோக்கிச் சுருண்டோ இருந்தால்தான் கோளாறு. நகவெட்டியால் நீங்களே வெட்டிவிடலாம் என்று காணொளிகளில் காட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். பல் நீளவாக்கில் வேர் வரை பிளக்கும், பிறகு அங்கே சீழ் கட்டும். டாக்டர் சிறு கருவியால் ராவிக் குறைப்பார். கோணல் நிரந்தரமானால் சில வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும்.

பல் கெடுவதற்குக் கம்பிக் கூண்டு ஒரு பெரிய காரணம். இடம் போதாத ஹாம்ஸ்டர் இரவெல்லாம் ஒரே கம்பியைக் கடித்து இழுக்கும். அடி அகலமான பெட்டி, ஆறு அங்குலத்துக்குக் குறையாத மரச்சுருள், முதுகு வளையாமல் ஓடக்கூடிய பெரிய சக்கரம், இவை இருந்தால் கம்பி கடிக்கும் பழக்கம் பெரும்பாலும் குறையும். கொறிக்கக் கடையில் விற்கும் வண்ண மரக்கட்டைகளைவிட, சுரண்டிக் காயவைத்த தேங்காய்ச் சிரட்டை நல்லது. உள்ளே படுக்கவும் செய்யும்.

பல் சரியாக இருந்தால் கன்னப்பை. இரண்டு பக்கமும் உப்பி, கொஞ்ச நேரத்தில் காலியானால் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒரு நாளைக்கு மேல் உப்பியே இருந்தால், முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், வாயில் நாற்றம் வந்தால் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாக்லேட், மிட்டாய், குழைந்த சோற்று உருண்டை, பஞ்சு இவைதான் வழக்கமான குற்றவாளிகள். செல்லப் பிராணிக் கடையில் படுக்கைக்கென்று விற்கும் பஞ்சு நூல் நூலாகப் பிரிந்து பையிலும் குடலிலும் சிக்கும், காலைச் சுற்றி இறுக்கவும் செய்யும். அதை எடுத்துவிட்டு வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போடுங்கள். பை வெளிப்பக்கம் பிதுங்கி இளஞ்சிவப்பாகத் தொங்கினால் அவசரம். விரலால் தள்ளப் பார்க்காதீர்கள்.

இனி அந்தச் சன்னல் ஓரம். சாப்பிட மனசில்லாத ரகத்துக்கு நம் ஊரில் வெயிலே காரணமாகிவிடும். சிரியன் என்பது வறண்ட தேசத்துப் பிராணி, வெயில் தாங்கும் என்று கடையில் சொல்வார்கள். இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு வயலைத் தோண்டிப் பிடித்த ஒரு தாயின் குட்டிகள் வழி வந்தவை. தோண்டியது சுமார் எட்டு அடி ஆழம். உச்சி வெயிலை அது பார்ப்பதே இல்லை, குளிர்ந்த மண்ணுக்குள் தூங்கிவிடும். அதனால் 20 முதல் 24 டிகிரிதான் அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் திண்டாட்டம், அதோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்தால் ஆபத்து. தட்டையாகக் கால் பரப்பிப் படுப்பது, இரவிலும் சக்கரம் ஓடாதது, தீனி தொடாதது எல்லாம் வெப்பத்தின் அடையாளம்.

ஃபேன் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நம்மைப் போல் வியர்வை சுரந்து குளிரும் உடம்பு இல்லை அதற்கு. சூடான காற்றைச் சுற்றிவிடுவதால் பெரிய பயன் இல்லை. கூண்டை வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையோரத்துக்கு மாற்றுங்கள். தரையில் பதிக்கும் டைல் ஒன்றைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து உள்ளே போடுங்கள், வேண்டும்போது ஏறிப் படுக்கும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். மேலே ஈரம் தெளிக்கக் கூடாது. இடம் மாற்றிய நாலைந்து நாளில் எடை ஏறத் தொடங்கினால் காரணம் அதுதான், டாக்டர் செலவு மிச்சம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். குளிரில் உடம்பு உறைந்ததுபோல் விறைத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல் கைச்சூட்டில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.

ஒரே கூண்டில் இரண்டு சிரியன் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஜோடி என்று கடையில் விற்பார்கள். வளர்ந்த சிரியன் தனியாகத்தான் வாழும். ஒன்று மற்றதைத் தீனிப் பக்கமே விடாது. சண்டை பகலில் நம் கண்ணில் படாது, வயிற்றடியில் கடித்தடம்தான் சொல்லும். பிரித்துவிடுங்கள், வேறு வழி இல்லை. பெண்ணாக இருந்து ஜோடியாகவும் இருந்தால் 16 நாளில் குட்டி போட்டுவிடும். பால் கொடுக்கும் தாய் மெலிவது இயல்பு. தீனியையும் புரதத்தையும் கூட்டிக் கொடுத்து, கூட்டைத் தொடாமல் இருப்பதே உதவி.

தீனியை நிறுத்துப் பார்த்து, 12 கிராமும் நிஜமாகவே வயிற்றுக்குள் போகிறது, அப்படியும் மெலிகிறது என்றால் அது மூன்றாவது ரகம். அங்கே வீட்டு வைத்தியத்துக்கு வேலை குறைவு. தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடித்து, படுக்கை எப்போதும் நனைந்திருந்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகமோ. சர்க்கரை நோய் குள்ள வகைகளில், முக்கியமாக கேம்ப்பெல், சைனீஸ் வகைகளிலும் கலப்பினங்களிலும் அதிகம், சிரியனில் குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டை ஒன்று வாங்கி, ஹாம்ஸ்டரைச் சுத்தமான காலிப் பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்ச நேரம் விட்டால், அது விடும் ஒரு சொட்டே சோதனைக்குப் போதும். போண்டா வயதுச் சிரியனில் சிறுநீரகத்திலும் ஈரலிலும் அமிலாய்டு என்ற புரதம் படிவது அதிகம். கூடவே வயிறு உப்பும். குடற்புழு என்றால் புழுக்கையைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும், புதிதாக ஏழெட்டு எடுத்துப்போனால் போதும். ஹாம்ஸ்டரில் காணும் குட்டை நாடாப்புழு மனிதருக்கும் தொற்றக்கூடியது, அதனால் பிள்ளைகள் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். நாய்க்கு வாங்கி வைத்த புழு மருந்தில் ஒரு சொட்டு விடலாமா என்று கேட்பார்கள். 20 கிலோ நாயின் மருந்தை 100 கிராம் உடம்புக்குக் கண்ணளவில் பிரிக்க யாராலும் முடியாது.

இப்போது தீனிக்கு வருகிறேன். முதலில், வெறும் சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்திருந்தால் அதுவே குறை. கொழுப்பு இருக்கும், மற்றது இருக்காது. ஹாம்ஸ்டருக்கு நல்ல புரதம் வேண்டும், உலர் தீனியில் 16 சதவீதத்துக்குக் குறையாமல். அடிப்படைத் தீனிக்கு நல்ல ஹாம்ஸ்டர் கலவை கிடைத்தால் சரி. கூட நம் வீட்டுச் சிறுதானியங்களே அருமையாகச் சேரும்: தினை, சாமை, கம்பு, கேழ்வரகு, உடைக்காத ஓட்ஸ். தினைக் கதிர் அப்படியே கிடைத்தால் கட்டித் தொங்கவிடுங்கள், உதிர்த்துத் தின்பதில் அதற்குப் பொழுதும் போகும்.

மெலிந்த ஹாம்ஸ்டருக்கு இதன்மேல் தினமும் ஒரு சின்னக் கவளம் கூடுதல். வேகவைத்த முட்டையில் சுண்டுவிரல் நகமளவு, அல்லது உப்பில்லாமல் வேகவைத்த கோழி அதே அளவு. சைவ வீடு என்றால் உப்பில்லாத பன்னீர் கொஞ்சம், முளைகட்டிய பச்சைப்பயறு நாலைந்து. பூசணி விதை இரண்டு, வறுக்காத உப்பில்லாத வேர்க்கடலை ஒன்று, ஆளி விதை ஒரு சிட்டிகை. பல் வலிக்கிற ஹாம்ஸ்டருக்கு அதன் வழக்கமான தீனியையே மிக்ஸியில் பொடித்து, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, முட்டை மஞ்சள் கரு கொஞ்சம் பிசைந்து கொடுங்கள். ஈரத் தீனி எதுவும் நம் வெப்பத்தில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. எதையும் திடீரென்று நிறையக் கொடுத்தால் பேதி வரும். ஒவ்வொன்றாக, நாளுக்கு ஒன்று சேருங்கள்.

கூடாதவை: வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு எலுமிச்சை வகை, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, ஊறவைத்த பச்சை ராஜ்மா, மிக்சர் முறுக்கு ரகங்கள், பிஸ்கட். பால் வேண்டாம், பேதியாகும். வேர்க்கடலை வெண்ணெய் கரண்டியாகக் கொடுத்தால் பையில் ஒட்டும். சர்க்கரை நோய்ச் சந்தேகம் இருந்தால் பழம், கேரட், தேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

தானாகச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கும் வரை சிரிஞ்சில் கொடுத்துத் தாங்கலாம். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள்: வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கத்தைச் சும்மா விடுங்கள், சூடு அதிகமானால் விலகிப் படுக்கட்டும். குளிர்ந்த உடம்புக்கு ஊட்டினால் செரிக்காது, புரையேறவும் செய்யும். பிறகு நிமிர்ந்த நிலையில் வைத்து, வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் ஒரு சொட்டு. அது விழுங்கி நாக்கைச் சுழற்றிய பின் அடுத்த சொட்டு. அரை மில்லி போனாலே நல்ல துவக்கம். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. கிரிட்டிகல் கேர் மாதிரி தயார்ப் பொடி கிடைத்தால் அது நல்லது, இல்லையென்றால் மேலே சொன்ன கூழையே வடிகட்டிக் கொடுக்கலாம். தோளுக்கு மேல் தோலை லேசாகக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் நீர் வற்றியிருக்கிறது. முறைப்படி கலக்கிய ஓஆர்எஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.

டாக்டர் விஷயத்தில், பக்கத்துத் தெருவில் நாய் பூனை பார்ப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் போவதற்கு முன் ஃபோனில், ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். சென்னையில் வழி தெரியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். எடைக் குறிப்பு, தண்ணீர் அளவு, பல் வீடியோ மூன்றையும் காட்டுங்கள், பாதி வேலை முடிந்தது.

எந்த ஆன்டிபயாடிக் எழுதுகிறார் என்று அவசியம் கேளுங்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் இவற்றை வாய்வழியே கொடுத்தால் ஹாம்ஸ்டர் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, க்ளாஸ்ட்ரிடியம் என்ற கெட்டது பெருகி, நஞ்சு சுரந்து சில நாளில் கொன்றுவிடும். மனிதருக்குக் கிளிண்டாமைசின் கொடுத்தபோது வந்த கடும் குடல் அழற்சிக்குக் காரணம் தேடிய ஜான் பார்ட்லெட் குழு 1977-78இல் விடையைக் கண்டுபிடித்தது சிரியன் ஹாம்ஸ்டர்களை வைத்துத்தான். அவ்வளவு சுலபமாக அந்த மருந்துக்கு அது பலியாகும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பிள்ளைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கும். சளி மாதிரி தெரிகிறதே, ரெண்டு சொட்டு கொடுப்போம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஹாம்ஸ்டருக்கு வழக்கமாக எழுதுவது என்ரோஃப்ளாக்சாசின் அல்லது ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா வகை. அளவு டாக்டர் சொல்வதுதான்.

வயதையும் சொல்லியாக வேண்டும். சிரியனின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மூன்று வருடம். போண்டா கிழவன்தான். பல், தண்ணீர், வெப்பம், புழுக்கை எல்லாம் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், சதை மட்டும் மெல்ல வற்றினால் மூப்பாக இருக்கலாம். அப்போது நோக்கம் பழைய எடை இல்லை. எடை அப்படியே நின்றால் போதும். ஏணிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தரைமட்டத்தில் வையுங்கள், தண்ணீர் பாட்டிலைத் தாழ்த்துங்கள், ஊறிய தீனியைத் தூங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சக்கரத்தை எடுக்காதீர்கள், ஓடுகிற வரை ஓடட்டும். ஊட்டினாலும் விழுங்காமல், எழுந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக்கூட முடியாமல் ஆனால், வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுவது தப்பே இல்லை.

பல்லைப் பார்க்க மயக்கம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் பயப்பட வேண்டாம், கடைவாய்ப் பல் வரை பார்க்க அதுதான் வழி. ஆனால் நாய்க்குச் சொல்வதுபோல் முதல்நாள் இரவிலிருந்து பட்டினி என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் நேரடியாக ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். இந்த எலி இனங்களால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரைதான் இறங்கும். மூடி வைத்த, காற்றுத் துளை உள்ள சின்ன டப்பாவில் அதன் பழைய படுக்கையில் ஒரு பிடி போட்டு, தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரியும் வழக்கமான தீனி கொஞ்சமும் வைத்து, வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.